பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்க

இங்கே உள்ளது முதல் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு மட்டும். 1989இல் வந்து 1997 வரை விற்ற, முகப்பு விளக்கு மேலே எழும்பும் கார் அது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர், அமெரிக்காவில் மியாட்டா என்று பெயர். முதலில் 1.6 லிட்டர் இன்ஜின். 1994 மாடலில் 1.8 வந்தது. இரண்டுக்கும் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம். இடது, வலது என்று வந்தால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னே பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காரில் இரும்பு லேசில் போகாது. போவதெல்லாம் ரப்பர்தான்: ஓ-ரிங் (ஆயில் கசியாமல் தடுக்கும் வட்ட வளையம்), ஹோஸ், சீல், பூட் (ரப்பர் உறை). முப்பது வருட ரப்பர் நகத்தால் அழுத்தினால்கூட அமுங்காது. "கியர்பாக்ஸை இறக்கணும், இன்ஜினைப் பிரிக்கணும்" என்று யாராவது எஸ்டிமேட் போட்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்து ரப்பரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கீழே பல சோதனைகளுக்கு டயக்னாஸ்டிக் பெட்டி வேண்டும். பானெட்டுக்குள் மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் பெட்டி அது. முனைகளின் பெயர் மூடியின் உட்பக்கம் அச்சாகியிருக்கும். ஒரு துண்டு வயர் இருந்தால் போதும், ஸ்கேனர் எதுவும் வேண்டாம்.

சாவி திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும்

பேட்டரி டிக்கியில், வலது மூலையில் இருக்கிறது. மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும்.

வோல்ட் சரியாக இருந்தும் 'டக்' மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் சோலினாய்டின் செப்புத் தொடர்பு தேய்ந்திருக்கும். ஒன்றுமே கேட்கவில்லையென்றால், க்ளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் மாடல்களில் பெடல் மேலே உள்ள சுவிட்சைப் பாருங்கள். டேஷ்போர்டு விளக்கு உட்பட எல்லாமே செத்திருந்தால் பானெட்டுக்குள் உள்ள 80 ஆம்பியர் மெயின் ஃபியூஸ் போயிருக்கும். ஜம்பர் கேபிளை மாற்றிக் கொடுத்த காரில் முதலில் போவது அதுதான். அது போல்ட் போட்டு இறுக்கியது. மற்ற ஃபியூஸ் மாதிரி பிடுங்கினால் பெட்டி உடையும்.

பேட்டரி மாற்றும்போது கடைக்காரர் கொடுக்கும் சாதாரண ஆசிட் பேட்டரியை வாங்காதீர்கள். இந்தக் காருக்கு கம்பெனி போட்டது ஏஜிஎம் வகை, அதாவது ஆசிட் கண்ணாடி இழையில் ஊறி நிற்கும் மூடிய பேட்டரி. வாயுவை வெளியேற்ற டியூப் வழியாக டிக்கித் தரைக்கு இணைப்பு உண்டு. சாதாரண பேட்டரி விடும் ஆவி மூடிய டிக்கிக்குள் தங்கி, இரண்டு மூன்று வருடத்தில் தகட்டைத் தின்றுவிடும். வாங்கப்போகும் காரில் பேட்டரி தட்டைத் தூக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறது (1.6)

1.6 இன்ஜினில் உள்ளே போகும் காற்றை ஒரு மடல் அளக்கிறது. ஏர்-ஃப்ளோ மீட்டருக்குள் இருக்கும் அந்த மடல் காற்றின் இழுப்பில் அசைந்தால்தான் பெட்ரோல் பம்ப்பும் தொடர்ந்து ஓடும். மடல் ஒட்டிக்கொண்டாலோ, அதன் சுவிட்ச் கெட்டாலோ, சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்வரை பம்ப் ஓடும், விட்டதும் நிற்கும்.

டயக்னாஸ்டிக் பெட்டியில் எஃப்/பி முனையையும் ஜி.என்.டி. முனையையும் வயரால் இணைத்து, சாவியை ஆன் செய்யுங்கள். பின்பக்கம் பம்ப் ரீங்கரித்து, கார் ஸ்டார்ட் ஆகி நின்று ஓடினால் பழி ஏர்-ஃப்ளோ மீட்டர் மேல். ஏர் ஃபில்டரைக் கழற்றி மடலை விரலால் மெதுவாகத் தள்ளினால் ஒட்டல் தெரியும். பம்ப் சத்தமே வரவில்லையென்றால் பம்ப்பையும் அதன் ரிலேயையும் தேடுங்கள். வயரைப் போட்டபடியே ஓட்டி அலைய வேண்டாம். விபத்தில் இன்ஜின் நின்றாலும் பம்ப் நிற்காமல் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

1994 முதல் வந்த 1.8இல் மடல் இல்லை, சூடான கம்பி வகை சென்சார். இந்தப் பிரச்சினை அதற்கு வராது.

ஐட்லிங் ஏறி இறங்குகிறது. ஆக்சிலேட்டரைத் திடீரென மிதித்தால் திக்குகிறது

ஏர்-ஃப்ளோ மீட்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதைக் கழற்றி, மடிப்பை இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். பொருத்திய நிலையில் வெடிப்பு கண்ணுக்கே தெரியாது. ஆக்சிலேட்டர் மிதித்ததும் இன்ஜின் ஒரு பக்கம் சாயும், வெடிப்பு வாய் திறக்கும், அளக்காத காற்று உள்ளே போகும், கலவையில் பெட்ரோல் குறையும். திக்கல் அந்த நொடிதான். டேப் ஒட்டினால் ஒரு வாரம் தாங்கும். புதுக் குழாய்தான் தீர்வு.

குழாய் நன்றாக இருந்தால், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் சின்ன பிசிவி வால்வைப் பிடுங்கி ஆட்டுங்கள், கலகலவென்று சத்தம் வரவேண்டும். அது உட்காரும் ரப்பர் வளையம் கல்லாகியிருந்தாலும் காற்று புகும். அடுத்து த்ராட்டில் பாடியின் உள் விளிம்பில் படிந்த கரியைக் கிளீனர் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள்.

இத்தனையும் முடிந்த பிறகே ஐட்லிங் ஸ்குருவைத் தொடலாம். இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஏசி, விளக்கு, ஃபேன் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். டி.இ.என். முனையை ஜி.என்.டி.யோடு இணைத்துவிட்டு 850 ஆர்பிஎம்முக்கு வையுங்கள். அந்த இணைப்பு இல்லாமல் திருப்பினால் கம்ப்யூட்டர் உங்கள் திருத்தத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். டைமிங் லைட் கையில் இருந்தால் அதே நிலையிலேயே இக்னிஷன் டைமிங்கும் பார்த்துவிடலாம்: கம்பெனி அளவு 10 டிகிரி. 14 வரை ஏற்றுபவர்கள் நிறைய. கீழ் வேகத்தில் பிக்கப் கொஞ்சம் கூடும், ஆனால் அதற்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் போடவேண்டும்.

மேட்டில் இழுக்கும்போது மிஸ் ஆகிறது, மழைநாளில் இன்னும் மோசம்

பிளக் வயர். வேறு எதையும் மாற்றுவதற்கு முன் அதை மாற்றுங்கள். இந்தக் காரில் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய பொருள் அது. இரவில் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது வயர்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் கசியும் பொறி நீலமாகத் தெரியும். கையை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

காயில் 1-4, 2-3 என்று ஜோடியாக வேலை செய்கிறது. ஜோடியாக இரண்டு சிலிண்டர் மிஸ் ஆனால் காயில்; ஒன்று மட்டும் என்றால் வயர் அல்லது பிளக். பிளக் இடைவெளி 1.1 மி.மீ.

பிளக் குழிக்குள் ஆயில் நின்றால் வால்வு கவர் கேஸ்கட் போய்விட்டது. ஆயிலில் ஊறிய வயர் மூடி உப்பிப் பொறியைக் கசியவிடும், அதனால் கேஸ்கட்டும் வயரும் சேர்த்தே மாற்றுங்கள். கவர் போல்ட்டுக்கு 5 முதல் 9 நியூட்டன் மீட்டர்தான் டார்க். கசிவு நிற்கட்டும் என்று இன்னும் இறுக்கினால் போல்ட் முறியும், கசிவு அப்படியே இருக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் டிக்

பயப்பட வேண்டியதில்லை. வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் சரிசெய்யும் சின்ன ஹைட்ராலிக் உருளைகள் பதினாறு இருக்கின்றன. அவற்றின் நுண்துளையில் பழைய ஆயில் பிசின் அடைத்தால் இந்தச் சத்தம் வரும். ஒரே நிதானமான வேகத்தில் மட்டும் ஓடும் காரில் அதிகம். ஆயிலை மாற்றி, இன்ஜின் முழுக்கச் சூடானபின் 4,000, 5,000 ஆர்பிஎம் வரை இழுத்து ஓட்டுங்கள். 5,000 கி.மீ.க்கு ஒருமுறை என்று இரண்டு ஆயில் மாற்றம் பார்த்தும் போகவில்லையென்றால்தான் உருளையைக் கழற்றிக் கழுவும் வேலை.

சத்தம் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து வந்து, சூடானதும் தானாக மறைந்தால் அது கேஸ்கட் கசிவு. கனமாக, இன்ஜின் அடியிலிருந்து, இழுக்கும்போது கூடும் தட்டல் என்றால் வேறு கதை. அங்கே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

ஆயில் ஃபில்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. மேலிருந்து கையை விட்டால் தோல் உரியும். காரைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, முன் வலது வீலைக் கழற்றிவிட்டு அடியிலிருந்து போங்கள். இன்னொன்று: 1995 முதல் டேஷ்போர்டில் உள்ள ஆயில் பிரஷர் மீட்டர் பெயருக்குத்தான் மீட்டர், உள்ளே இருப்பது வெறும் சுவிட்ச். அதன் முள் நடுவில் நிற்பதை நம்பி ஆயில் பார்க்காமல் இருக்காதீர்கள். அதற்கு முந்தைய கார்களில் முள் உண்மையாகவே ஏறி இறங்கும். சூடான ஐட்லிங்கில் இறங்கினால் பதற வேண்டாம்.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஆயில் சொட்டுகிறது

"ரியர் மெயின் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்ற பதில் எங்கேயும் கிடைக்கும். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் சீல் அது. இறக்குவதற்கு முன் இன்ஜினின் பின்முனையைப் பாருங்கள். கேம்ஷாஃப்டின் நுனியில் கேம் ஆங்கிள் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஒரே ஒரு ஓ-ரிங் இறுகிப்போனால் ஆயில் சிலிண்டர் ஹெட்டின் பின்புறமாக வழிந்து, பெல் ஹவுசிங்கில் (க்ளட்சை மூடியிருக்கும் கூடு) இறங்கி, சீல் கசிவு மாதிரியே கீழே சொட்டும். விரலை சென்சாருக்கு அடியில் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் குற்றவாளி அங்கேயே.

சென்சார் உடம்பும் இன்ஜினும் சேரும் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடுதான் உங்கள் டைமிங். 12 மி.மீ. போல்ட் ஒன்றைக் கழற்றி, இடம் வலமாக அசைத்தபடி வெளியே இழுங்கள். பழைய ஓ-ரிங் பெரும்பாலும் இரண்டு மூன்று துண்டாக முறிந்து வரும். பள்ளத்தில் ஒரு துண்டும் தங்கக்கூடாது. புதியதில் ஆயில் தடவிப் போட்டு, சென்சார் நாக்கு கேம்ஷாஃப்ட் பள்ளத்தில் உட்காரும்வரை மெதுவாகத் திருப்பித் தள்ளுங்கள். நாக்கு நடுவிலிருந்து சற்று விலகியிருப்பதால் ஒரு வழியில்தான் பொருந்தும், சுத்தியல் வேண்டாம். கோட்டைப் பொருத்தி இறுக்கி, முடிந்தால் டைமிங் லைட்டில் சரிபாருங்கள்.

வழிந்த ஆயில் அங்கேயே உள்ள ஹீட்டர் ஹோஸ்களை நனைத்து இளக்கியிருக்கும். பிசைந்தால் பஞ்சுபோல இருக்கும் ஹோஸை அப்போதே மாற்றுங்கள். பிறகு எல்லாவற்றையும் டிகிரீசரால் கழுவி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, அப்போதும் சொட்டினால்தான் ரியர் மெயின் சீல் பேச்சு.

க்ளட்ச் பெடல் தரையோடு போகிறது

இரண்டு மூன்று முறை மிதித்தால் கியர் விழும், அப்புறம் அதுவும் விழாது. க்ளட்ச் பிளேட் என்று நினைத்துவிடுவார்கள். பத்தில் ஒன்பது, பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியாக வாங்கி க்ளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர்தான். பெல் ஹவுசிங்கின் வலது பக்கம், அடியிலிருந்து கை எட்டும். அதன் ரப்பர் மூடியை நுனியில் விலக்குங்கள். உள்ளே திரவம் இருந்தால் சீல் போய்விட்டது. காய்ந்திருந்தால் பெடலுக்குப் பின்னால் ஃபயர்வால் ஈரமா என்று பாருங்கள், அது மாஸ்டர் சிலிண்டர். டப்பாவில் திரவம் கறுத்திருப்பதும் சீல் தேய்வதன் அடையாளம்.

இரும்புப் பைப் நட்டுக்குச் சாதாரண ஸ்பேனர் போட்டால் முனை உருண்டுவிடும், 10 மி.மீ. ஃப்ளேர் நட் ஸ்பேனர் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லேவ் கழன்றிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக்கூடாது, பிஸ்டன் தெறித்து வெளியே வரும். டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் திரவம் ஊற்றி ஏர் எடுங்கள்: ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் ஸ்குருவைத் திறந்து மூட, அதன்பிறகு பெடலை விட வேண்டும். டப்பா ஒருபோதும் காலியாகக்கூடாது. பெயின்ட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். ஸ்லேவ் புதிதானபின் வயதான மாஸ்டர் சீக்கிரம் கைவிடுவது வழக்கம், இரண்டையும் ஒன்றாகவே மாற்றுவது உத்தமம்.

கியர் லிவர் தொளதொளக்கிறது, கன்சோல் சுடுகிறது

இந்தக் காரின் இன்பத்தில் பாதி அந்தக் குட்டை லிவரில்தான் இருக்கிறது, சரிசெய்யாமல் விடாதீர்கள். லிவருக்கு அடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு ரப்பர் பூட். கீழ்பூட் கிழிந்தால் கியர்பாக்ஸ் சூடும் சத்தமும் நேராக உங்கள் முழங்கைக்கு வரும்.

குமிழைத் திருகி எடுத்து, கன்சோலைத் தூக்கி, இரண்டு பூட்டையும் பிரித்தால் லிவர் செங்குத்தாக மேலே வரும். அது இறங்கும் குழியில் தனி ஆயில் உண்டு. இது கியர்பாக்ஸ் ஆயிலோடு சேராதது. அதனால்தான் கியர்பாக்ஸ் ஆயில் தவறாமல் மாற்றிய காரிலும் இந்தக் குழி வறண்டோ கறுப்புக் கூழாகவோ கிடக்கும். சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, 75டபிள்யூ-90 ஆயில் சுமார் 80 மி.லி. விடுங்கள். லிவர் நுனியின் நைலான் புஷ், இரண்டு பூட், மூன்றும் புதிதாகட்டும்.

குளிரில் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது இந்தப் பெட்டியின் குணம். சூடானபின்னும் முரண்டினால் ஆயிலை மாற்றுங்கள்: ஐந்து கியர் பெட்டிக்கு 2 லிட்டர். நிரப்பும் மூடி கழல்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் மூடியைத் திறக்கவேண்டும்.

சூடு ஏறுகிறது

எங்கே ஏறுகிறது என்று பாருங்கள். நெரிசலில் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன். டி.எஃப்.ஏ. முனையை ஜி.என்.டி.யோடு இணைத்துச் சாவியை ஆன் செய்தால் ஃபேன் ஓடவேண்டும். ஓடினால் ஃபேனும் ரிலேயும் சரி, வெப்ப சுவிட்சை மாற்றுங்கள்.

நெடுஞ்சாலையில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, அல்லது முன்பக்க அடித்தட்டு காணாமல் போயிருக்கும். ஆயில் மாற்றும் இடங்களில் இந்தப் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றித் தூக்கிப்போட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டருக்குள் புகாமல் அடியில் நழுவிவிடும். ரேடியேட்டரின் மேல் தொட்டி கறுப்பாக இருந்தால் உயிர் உண்டு. பழுப்பும் பச்சையுமாக வெளுத்திருந்தால் பிளாஸ்டிக் செத்துவிட்டது. வெடிப்பதற்கு முன் மாற்றிவிடுங்கள்.

டைமிங் பெல்ட் அறுந்தாலும் இந்த இன்ஜினில் வால்வு பிஸ்டனில் இடிக்காது, நடுவழியில் நிற்பீர்கள், அவ்வளவுதான். ஆனாலும் 1,00,000 கி.மீ.யில் மாற்றவேண்டும், வாட்டர் பம்ப்பும் கூடவே.

இழுவை மெதுவாகக் குறைந்துகொண்டே போகிறது (ஆரம்பகால 1.6)

இன்ஜின் முன்னால் உள்ள கிராங்க் புல்லியில் பள்ளங்களை எண்ணுங்கள். எட்டு என்றால் நிம்மதி. நான்கு என்றால் கிராங்கின் மூக்கு குட்டையான வகை. அதில் போல்ட் சரியாக இறுக்கப்படாமல் போனால், புல்லி நழுவாமல் பிடிக்கும் கட்டை உட்காரும் பள்ளம் (கீவே) தேய்ந்து, டைமிங் நழுவும். புல்லி தள்ளாடுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பெல்ட் மாற்றத்திலும் புதுப் போல்ட், டார்க் ரென்ச்சில் 108 முதல் 118 நியூட்டன் மீட்டர்.

ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை, அல்லது பின்வீல் சுடுகிறது

கேபிளை இறுக்குவது தவறான முதல் வேலை. பின்கேலிப்பரின் முதுகில் 14 மி.மீ. மூடி போல்ட் ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் குழி. கடிகார திசையில் திருப்பினால் பிஸ்டன் பேடை டிஸ்கோடு சேர்க்கும். வீல் சுற்றமுடியாதவரை திருப்பி, பிறகு மூன்றில் ஒரு சுற்று பின்வாங்குங்கள். இரண்டு பக்கமும் செய்தபின் லிவர் 5 முதல் 7 கிளிக்கில் பிடிக்கவேண்டும். பேட் மாற்றும்போது இதே ஆலனை எதிர்த் திசையில் திருப்பித்தான் பிஸ்டனை உள்ளே அனுப்ப முடியும். சி-கிளாம்ப் போட்டு அமுக்கினால் உள்ளே உள்ள திருகு கெடும்.

வீல் சுட்டால் சறுக்கும் பின்கள் துருப்பிடித்திருக்கும். வெளியே எடுத்துத் தேய்த்து சிலிக்கான் கிரீஸ் போடுங்கள், சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைக்கும்.

100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது

கார் சுமார் ஒரு டன்தான், சின்ன ஏற்றத்தாழ்வும் கைக்கு வந்துவிடும். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் வாரமும் வருடமும். பட்டன் தேயாமல் வயதான டயர்தான் இங்கே அதிகம். வேறு அலாய் வீல் போட்டிருந்தால் நடுத்துளைக்கு 54.1 மி.மீ. வளையம் உண்டா என்று பாருங்கள். காற்று 26 பிஎஸ்ஐ. பெட்ரோல் பங்கில் வழக்கம்போல 32 அடித்தால் கார் துள்ளும்.

சீட்டுக்குப் பின்னால் ஈரம்

மேற்கூரைத் துணி நன்றாக இருந்தும் கார்ப்பெட் நனைந்தால் வடிகால். சீட் பெல்ட் கோபுரத்துக்குப் பின்னால், இரண்டு பக்கமும் ஒரு துளை. அங்கே இறங்கும் மழைநீர் பின்வீலுக்கு முன்னால் காருக்கு அடியில் வெளியேறவேண்டும். பாட்டிலில் தண்ணீர் எடுத்து மெதுவாக ஊற்றுங்கள். கீழே வரவில்லையென்றால் புல்வெட்டி நைலான் இழையை உள்ளே விட்டு அடைப்பை எடுங்கள். இரும்புக் கம்பி விட்டால் வடிகால் குழாய் ஓட்டையாகி, தண்ணீர் கதவுக்கு அடியில் உள்ள சட்டத்துக்குள்ளேயே போகும். பிரிட்டனிலும் கனடாவிலும் சாலையில் கொட்டும் உப்போடு இது சேர்ந்தால் பின்வீல் வளைவின் கீழ்நுனி முதலில் அரித்துப்போகும். கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மொறுமொறுத்தால் வெல்டிங் செலவு.

பிளாஸ்டிக் பின்ஜன்னல் உள்ள கூரையை மடிக்கும் முன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைப் படுக்கவையுங்கள். கடுங்குளிரில் மடிக்கவே வேண்டாம், விரிசல் விடும்.

ஒரு விளக்கு மட்டும் எழும்பவில்லை

முதலில் விளக்கு எழுப்பும் ஃபியூஸைக் கழற்றுங்கள். மோட்டார் திடீரென ஓடினால் விரல் நசுங்கும். மோட்டார் தலையில் உள்ள ரப்பர் மூடிக்கு அடியில் ஒரு குமிழ், அதைச் சுற்றச் சுற்ற விளக்கு மேலே வரும். இரண்டுமே வராவிட்டால் ஃபியூஸ், ஒன்று மட்டும் என்றால் அந்த மோட்டாரின் தொடர்புத் தகடு அல்லது துருப்பிடித்த இணைப்புக் கம்பி.

காசு மிச்சமிருந்தால்

முதல் செலவு வீல் அலைன்மென்ட். முன் கேம்பர் (வீல் உள்பக்கம் சாயும் அளவு) மைனஸ் 1, பின் மைனஸ் 1.5, காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு) 5 டிகிரி, முன் டோ (வீல் உள்ளே வெளியே திரும்பும் அளவு) பூஜ்யம்: தெருவில் ஓட்ட இது நல்ல ஆரம்பம். சரிசெய்யும் போல்ட்கள் துருவில் பிடித்திருக்கும், முந்தைய நாளே ஆயில் அடித்து வையுங்கள். அடுத்து நல்ல டயர், நல்ல பேட், ஸ்டீல் பின்னல் பிரேக் ஹோஸ். தாழ்த்தும் ஸ்பிரிங் மட்டும் வாங்கிப் போடாதீர்கள். ஷாக் அப்சார்பருக்கு ஓட்டம் ஏற்கெனவே குறைவு, கார் நாள் முழுக்க பம்ப் ஸ்டாப் (அதன் ஓட்டத்தின் எல்லையில் இடியைத் தாங்கும் ரப்பர்) மேலேயே உட்காரும். ஸ்போர்ட்ஸ் எக்சாஸ்ட் சத்தத்தைத்தான் கூட்டும். உதிரிக்கு அலைய வேண்டியதும் அவ்வளவாக இல்லை: ஜப்பானில் மாஸ்டாவே 2018இல் இந்த மாடலுக்கு மறுசீரமைப்புச் சேவை தொடங்கி, மேற்கூரைத் துணி, நார்டி கம்பெனியின் மர ஸ்டியரிங் போன்றவற்றை மறுபடி செய்து விற்கிறது. விலையைக் கேட்டபின் முதலில் ஓ-ரிங் மாற்றலாம் என்று தோன்றும்.